மெம்பரேனுக்கு முன்னால் கரி எதற்கு? வீட்டு ஆர்.ஓ. மெஷினின் 270 வருஷக் கதை

வீட்டு ஆர்.ஓ. மெஷினைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த ஃபில்டரை எப்போ மாத்தணும்? மெஷினோடு வந்த புத்தகம் ஒரு கணக்குச் சொல்லும், சர்வீஸுக்கு வருகிறவர் இன்னொரு கணக்குச் சொல்வார், மாடி வீட்டுக்காரர் "நாங்க மூணு வருஷமா எதையும் மாத்தல, நல்லாத்தான் ஓடுது" என்பார். கொஞ்ச நாளாக இந்த மெஷினின் வரலாற்றைத் துருவிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேயே கிடக்கிறது. மூடியைக் கழற்றினால் தெரியும் குப்பிகள், முதலில் செடிமென்ட், அடுத்து கார்பன், அப்புறம் மெம்பரேன், ஏன் அந்த வரிசையில் நிற்கின்றன என்று தெரிந்துவிட்டால் எதை எப்போது மாற்றுவது என்பதும் ஓரளவு தானாகவே விளங்கிவிடும்.

முதலில் அடிப்படை. சவ்வூடு பரவல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்பும். நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவி வைத்தால் தண்ணி விடும். இரண்டும் ஒரே சங்கதிதான். சவ்வின் எந்தப் பக்கம் கரைசல் அடர்த்தியாக இருக்கிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். பாட்டிமார்களுக்கு இது எப்போதும் தெரியும். எழுதி வைத்தவர்களில் முன்னவர் ழான்-அந்துவான் நொலே என்ற பிரெஞ்சுப் பாதிரியார். 1748-ல் ஒரு குப்பியில் ஒயினிலிருந்து வடித்த சாராயத்தை நிரப்பி, வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுக்கிக் கட்டித் தண்ணீருக்குள் வைத்தார். சவ்வு வெளிப்பக்கமாகப் புடைத்துக்கொண்டு வந்தது. அவர் தேடிக்கொண்டிருந்தது வேறு ஏதோ, கிடைத்தது இது.

அடுத்த நூற்றாண்டில் துத்ரோஷே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் இதற்குப் பெயர் வைத்தார். 1877-ல் வில்ஹெல்ம் பெஃபர் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் நுண்துளை உள்ள பீங்கான் பாத்திரத்தின் சுவரில் ஒரு செயற்கைச் சவ்வைப் படியவைத்து, சர்க்கரைக் கரைசல் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று அளந்தார். அந்த அளவுகளை வைத்துத்தான் வான்ட் ஹாஃப் தன் சூத்திரத்தை எழுதினார். 1901-ல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குப் போனது. ஆக, கரைசலுக்கு ஓர் அழுத்தம் உண்டு, அதை மீறி எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளினால் தண்ணீர் திரும்பி ஓடும் என்பது தாளில் அப்போதே தெளிவு. கடல் நீருக்கு அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 25 மடங்குக்கும் மேல். டி.டி.எஸ். 1,000 உள்ள நம்ம போர் தண்ணிக்கு ஒரு மடங்குகூட இல்லை. சமையலறைச் சுவரில் தொங்கும் மெஷினுக்குக் கையளவு பம்ப் போதுமாக இருப்பதும், கடல்நீர் ஆலைக்கு ஒரு கட்டிடம் நிறைய மோட்டார் தேவைப்படுவதும் இதனால்தான்.

தத்துவம் தெரிந்தும் அடுத்த ஐம்பது, அறுபது வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீரை விட்டு உப்பை நிறுத்துகிற, அந்த அழுத்தத்தையும் தாங்குகிற ஒரு சவ்வு யாரிடமும் இல்லை.

சூடு பிடித்தது அமெரிக்காவில். 1952-ல் உப்பு நீரை நன்னீராக்கும் ஆராய்ச்சிக்கு அங்கே தனிச் சட்டமே போட்டார்கள், அரசுப் பணம் வந்தது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ரீட் கையில் கிடைத்த பிளாஸ்டிக் தாள்களை எல்லாம் சோதித்துப் பார்த்தார். செல்லுலோஸ் அசிட்டேட் உப்பை நன்றாகவே நிறுத்தியது. அந்தக் காலத்து சினிமா ஃபிலிம் செய்யும் பொருள்தான் அது. ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. தாளை மெல்லிசாக்கினால் அழுத்தத்தில் கிழியும், தடிப்பாக்கினால் தண்ணீர் வராது. ரீட் முட்டி நின்ற இடம் அதுதான்.

அதே வருஷங்களில் லாஸ் ஏஞ்சலஸில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், சாமுவேல் யூஸ்டர் என்ற பெட்ரோலியப் பொறியியல் பேராசிரியரின் கூடத்தில் இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் சிட்னி லோப். மற்றவர் ஸ்ரீனிவாச சௌரிராஜன். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர்! ஆர்.ஓ. பற்றிய உலகத்துப் பாடப்புத்தகங்களில் எல்லாம் 'லோப்–சௌரிராஜன் மெம்பரேன்' என்று அந்தப் பெயர் நிற்கிறது. வருஷத்துக்கு வருஷம் மெம்பரேன் மாற்றும் நம் ஊரில் அவரை எத்தனை பேருக்குத் தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். சரி, விடுங்கள்.

அவர்கள் முதலில் கையில் எடுத்தது கடையில் கிடைத்த செல்லுலோஸ் அசிட்டேட் வடிதாள். அதன் துளைகள் பெரிசு, உப்பு அப்படியே கடந்து போய்விடும். வெந்நீரில் சூடாக்கினால் துளைகள் சுருங்கும் என்று சூடாக்கினார்கள். உப்பு நின்றது, ஆனால் எப்போதும் இல்லை. ஒரே தாள், ஒரே சூடு, ஒரே அழுத்தம். ஒரு தடவை நல்ல தண்ணி வருகிறது, இன்னொரு தடவை உப்புத் தண்ணி வருகிறது. கடைசியில் பிடிபட்டது என்ன தெரியுமா? தாளை எந்தப் பக்கம் மேலே வைத்தார்கள் என்பதுதான் வித்தியாசம். ஒரு பக்கம் வேலை செய்தது, திருப்பிப் போட்டால் செய்யவில்லை. அப்படியென்றால் தாள் முழுக்க ஒரே மாதிரி இல்லை, ஒரு முகத்தில் மட்டும் ஏதோ இருக்கிறது. பார்க்கச் சின்ன விஷயம். ரீட் நின்றுபோன இடத்துக்கான வாசல் இங்கேதான் திறந்தது. உப்பைத் தடுக்க முழுத் தடிமனும் வேண்டாம், மேலே பாலாடை மாதிரி ஒரு தோல் போதும். அதற்கு அடியில் பஞ்சு மாதிரி துளையுள்ள பகுதி தாங்கிப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் அந்தத் தோலைத் தாங்களே உண்டாக்கக் கற்றுக்கொண்டார்கள். செல்லுலோஸ் அசிட்டேட்டை அசிட்டோனில் கரைத்து, கொஞ்சம் தண்ணீரும் மெக்னீசியம் பெர்குளோரேட்டும் சேர்த்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்து, மேற்பரப்பில் அசிட்டோன் கொஞ்சம் ஆவியாகும்வரை விட்டு, தகட்டோடு ஐஸ் தண்ணீருக்குள் முக்கினார்கள். கடைசியில் வெந்நீரில் ஒரு முறை பதப்படுத்தினார்கள். படிக்கும்போது அப்பளம் இடும் வீட்டு ஞாபகம்தான் வந்தது. 1960 வாக்கில் இதைச் சாதித்துவிட்டார்கள். ரீட்டின் தாளோடு ஒப்பிட்டால் தண்ணீர் பத்து மடங்குக்கும் மேல் ஓடியது. சௌரிராஜன் 1961-ல் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்துக்குப் போய், கடைசிவரை மெம்பரேன்களோடே வாழ்ந்தார். லோப் ஆலை கட்டப் போனார்.

அந்த ஆலை வந்த ஊரின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. கலிஃபோர்னியாவில் கோலிங்கா என்று ஒரு எண்ணெய்க் கிணற்று ஊர். ரயில் எஞ்சின்களுக்குக் கரி ஏற்றும் நிலையம் 'ஏ' என்ற பெயர் தேய்ந்து அப்படி ஆனதாம். அங்கே நிலத்தடி நீர் உப்பு, டி.டி.எஸ். சுமார் 2,500. குளிக்க, துவைக்க அந்தத் தண்ணீர். குடிக்கும் தண்ணீர் ரயில் டேங்கரில் வந்தது, வீடுகளில் அதற்கென்று தனிக் குழாய். இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. 'உப்புத் தண்ணி குழாய், நல்ல தண்ணி குழாய்' என்று நாம் பிரித்து வைத்திருப்பதை அமெரிக்காவின் ஒரு மூலையில் அவர்களும் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். லாரிக்குப் பதில் ரயில், அவ்வளவுதான்.

1965 ஜூனில் லோப் குழுவின் ஆர்.ஓ. ஆலை கோலிங்காவில் ஓட ஆரம்பித்தது. ஓர் ஊருக்குக் குடிநீர் கொடுத்த முதல் ஆர்.ஓ. ஆலை அதுதான். ஒரு நாளைக்கு 5,000 கேலன், அதாவது சுமார் 19,000 லிட்டர். நம்ம கணக்கில் ஒன்றரை டேங்கர் லாரி. லோப் 1967-ல் இஸ்ரேலுக்குப் போனார், அங்கே யோட்வாட்டா என்ற பாலைவனக் குடியிருப்பிலும் இதே போன்ற ஆலை வந்தது.

இங்கிருந்துதான் நம் சமையலறைக்கு வருகிறோம். செல்லுலோஸ் அசிட்டேட்டுக்கு இரண்டு பலவீனம். ஒன்று, தண்ணீரின் அமில-காரத் தன்மை குறுகிய எல்லைக்குள் இல்லையென்றால் அது மெல்ல மெல்லச் சிதையும். இரண்டு, பாக்டீரியா அதைத் தின்னும். செல்லுலோஸ் ஆயிற்றே! ஆனால் ஒரு பெரிய பலம், கொஞ்சம் குளோரினைத் தாங்கும். அதனால் குளோரின் கலந்த தண்ணீரையே உள்ளே விட்டு பாக்டீரியாவை அடக்கி வைத்தார்கள்.

1970-களின் இறுதியில் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜான் கேடட் என்ற வேதியியலாளர் வேறு வழியில் போனார். துளையுள்ள ஒரு தாங்குதாளை ஒரு திரவத்தில் நனைத்து, அதன்மேல் அதோடு கலக்காத இன்னொரு திரவத்தை ஊற்றினார். இரண்டும் தொடும் இடத்தில் பாலிஅமைடு என்ற, நைலான் குடும்பத்தைச் சேர்ந்த பொருளின் படலம் நொடிகளில் உருவானது. எஃப்.டி.-30 என்று பெயர். அப்போதே தொடங்கிய ஃபிலிம்டெக் நிறுவனம் அதை விற்றது, 1985-ல் டவ் நிறுவனம் அதை வாங்கியது. அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியில் பிறந்ததா இல்லையா என்று அந்தக் காப்புரிமைமேல் பெரிய வழக்கெல்லாம் நடந்தது. இன்று உங்கள் வீட்டு மெஷினில் இருப்பது கிட்டத்தட்ட நிச்சயமாக இந்த வகைதான். குறைந்த அழுத்தத்தில் நிறையத் தண்ணீர், உப்பு நன்றாக நிற்கும், பாக்டீரியா தின்னாது. வீட்டுக்குள் ஆர்.ஓ. வந்ததே இந்தப் படலத்தால்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் குளோரின் பட்டால் போச்சு. பழைய சவ்வு எதைத் தாங்கியதோ அது புதிய சவ்வுக்கு விஷம். தொடர்ந்து ஓடும் தண்ணீரில் 0.1 பி.பி.எம்.-க்குக் கீழே இருக்கணும் என்பதுதான் தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்லை. குழாயில் வரும் நகராட்சித் தண்ணீரில் இதைவிட அதிகமாகவே இருக்கும். கார்பன் ஃபில்டர் மெம்பரேனுக்கு முன்னால் நிற்பதன் காரணம் இதுதான். வாசனை, ருசி எல்லாம் அப்புறம். அந்தக் கரி குளோரினை வாங்கிக்கொண்டு தன்னைச் செலவழிக்கிறது. சில நூறு ரூபாய்க் கரியைத் தள்ளிப்போட்டால் ஆயிரத்துக்கு மேல் விலையுள்ள மெம்பரேன் பலியாகும். கரியின் ஆயுள் தீர்ந்தது கண்ணுக்குத் தெரியாது, செடிமென்ட் மாதிரி பழுப்பாகாது. அதனால் கரியை மட்டும் தேதி பார்த்து மாற்றுவதுதான் சரி. குளோரின் தண்ணீர் வரும் வீடு என்றால் ஆறு மாதம் என்பது நியாயமான கணக்கு.

செடிமென்ட்டை அழுக்கைப் பார்த்து மாற்றலாம். மெம்பரேனைத் தேதி பார்த்தும் மாற்றக் கூடாது, நிறம் பார்த்தும் மாற்றக் கூடாது. அளந்து பார்த்துத்தான் மாற்றணும்.

எங்கள் அடுக்ககத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். "தம்பி, தண்ணி ரொம்ப மெதுவா வருது. சர்வீஸ் பையன் வந்து மெம்பரேன் போயிருச்சுக்கா, மாத்திடலாம்னு சொல்லிட்டுப் போயிருக்கான். டி.டி.எஸ். 150 காட்டுதாம். நீ கொஞ்சம் பாரேன்" என்றார். டி.டி.எஸ். மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே போகும் தண்ணீர் 920. குழாயில் 150, அது உண்மைதான். ஆனால் அந்த மெஷினில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு திருகு உண்டு. ருசிக்காக மெம்பரேனைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் தண்ணீரை நேராக அனுப்பும். மெம்பரேன் வாயிலிருந்து வரும் டியூபைக் கழற்றி, பத்து நிமிஷம் ஓடவிட்டு அளந்தால் 68. 920-ல் 68 என்றால் நூற்றுக்கு 92-க்கு மேல் உப்பு நிற்கிறது. நல்ல மெம்பரேன்! அப்புறம் தண்ணீர் ஏன் மெதுவாக வருகிறது? செடிமென்ட்டைக் கழற்றினால் களிமண் உருண்டை மாதிரி இருந்தது. லாரித் தண்ணியின் புண்ணியம். அதை மாற்றியதும் சரியாகிவிட்டது. "அந்தப் பையன் நல்ல பையன்தான், அவனுக்கும் மேல இருந்து டார்கெட் இருக்குமோ என்னவோ" என்றார் அக்கா.

பத்து நிமிஷம் ஓடவிட்டதற்குக் காரணம் உண்டு. மெஷின் சும்மா நிற்கும்போது உப்பு மெல்ல மெல்ல சவ்வைத் தாண்டி அந்தப் பக்கம் கசிந்திருக்கும். காலையில் முதல் டம்ளரை அளந்தால் எந்த மெம்பரேனும் கெட்டதாகத்தான் தெரியும்.

அளக்கும்போது ஓட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். '75 ஜி.பி.டி.' என்று எழுதியிருந்தால் ஒரு நாளைக்கு 75 கேலன், அதாவது 284 லிட்டர், நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 200 மில்லி. இது 25 டிகிரி வெப்பத்தில் எடுத்த கணக்கு. மார்கழியில் கொஞ்சம் குறையும், பயப்பட வேண்டாம். ஓட்டம் குறைந்துகொண்டே வந்து டி.டி.எஸ். மெல்ல ஏறினால் சவ்வின் மேல் சுண்ணாம்பு படிகிறது, போர் தண்ணி வீடுகளில் இதுதான் வழக்கம். ஓட்டம் கூடி டி.டி.எஸ்.-ஸும் ஏறினால் படலமே ஓட்டையாகிவிட்டது என்று அர்த்தம், குளோரினைச் சந்தேகிக்கலாம். "இப்பல்லாம் முன்ன விட வேகமா வருதே" என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கும்.

இனி வேஸ்ட் தண்ணி. 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. மெஷினைத் தடை செய்யச் சொன்னது. அனுமதிக்கும் இடங்களிலும் நூற்றுக்கு 60 பங்கு நல்ல தண்ணீர் கிடைக்கணும், பிற்பாடு அதை 75 ஆக்கணும் என்றது. அடுத்த மாதமே சென்னையின் ஏரிகள் வறண்டு, உலகம் முழுக்க நம்ம ஊர் செய்தியானது. ஒரு குடம் குடிக்க மூன்று குடம் சாக்கடைக்குப் போகும் மெஷின் அப்போது எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தீர்ப்பாயம் சொன்னதில் பாதி எனக்கு முழுச் சம்மதம். டி.டி.எஸ். 200 உள்ள ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டில் ஆர்.ஓ. எதற்கு? அங்கே கிருமியைப் பார்த்துக்கொண்டால் போதும்.

மற்ற பாதி அவ்வளவு சுலபமில்லை. கழிவுத் தண்ணீர் வீணாகப் போகிற மாதிரி தெரிகிறதே தவிர, சவ்வின் மேல் தேங்கும் உப்பை அடித்துக்கொண்டு போவது அதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 920 டி.டி.எஸ். தண்ணீரில் நான்கில் ஒரு பங்கை எடுத்தால் மிச்சம் சுமார் 1,200 ஆகும். நான்கில் மூன்று பங்கை எடுத்தால் மிச்சம் 3,600-ஐத் தாண்டும். அந்த அடர்த்தியில் சுண்ணாம்பு தண்ணீரில் நிற்காது, சவ்வில் உட்கார்ந்துவிடும். மீஞ்சூர், நெம்மேலி மாதிரிப் பெரிய ஆலைகளில் படிவு வராமலிருக்க மருந்து சேர்ப்பார்கள், அளந்துகொண்டே இருப்பார்கள். சமையலறையில் யார் செய்வது? வேஸ்ட் டியூபை நசுக்கிக் கட்டினால் தண்ணீர் மிச்சம் என்று சிலர் செய்கிறார்கள். அந்த டியூபில் இருக்கும் விரல் நீளக் குழல், ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர், மெம்பரேனுக்குள் அழுத்தத்தையும் கழிவு ஓட்டத்தையும் நிர்ணயிக்கிறது. அதில் கை வைத்தால் சில மாதத்தில் மெம்பரேன் கல்லாகும். கழிவு நீரை ஒரு டிரம்மில் பிடித்துத் தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற வைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்குச் சரி. 1,200 டி.டி.எஸ். தண்ணீரைத் தினமும் செடிக்கு ஊற்றாதீர்கள், துளசி முதலில் போகும்.

டேங்கைப் பற்றி ஒரு வார்த்தை. கரி குளோரினை எடுத்துவிட்டதால் மெஷினின் டேங்கில் நிற்கும் தண்ணீருக்குக் காவல் இல்லை. ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

உண்மையாகவே மெம்பரேனை மாற்ற வேண்டி வந்தால் பழையதைக் குப்பையில் போடுவதற்குமுன் கத்தியால் மேல் உறையைக் கீறிப் பிரித்துப் பாருங்கள். பாய் மாதிரிச் சுருட்டியிருக்கும். இந்தச் சுருள் அமைப்பு 1960-களில் சான் டியேகோவில் ஜெனரல் அட்டாமிக் நிறுவனத்தில் பிறந்தது. லோப் கோலிங்காவில் வைத்தது நீளக் குழாய்கள், அதே பரப்பை ஒரு முழ நீளத்துக்குள் அடக்கியது இந்தச் சுருட்டல். நடுவில் ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் குழல், நல்ல தண்ணி அதில்தான் சேரும். தாள்களுக்கு நடுவே கொசுவலை மாதிரி ஒரு வலை, உப்புத் தண்ணி ஓடும் பாதை. தண்ணீர் நுழையும் முனையில் பழுப்பாகச் சேறு அப்பியிருந்தால் செடிமென்ட்டை நேரத்துக்கு மாற்றவில்லை. கழிவு வெளியேறும் முனையில் விரலில் நறநறவென்று வெள்ளையாக ஒட்டினால் அது சுண்ணாம்பு, உப்பு மிகவும் அடர்ந்திருக்கும் இடம் அதுதான். எங்கள் வீட்டுப் பழைய மெம்பரேனில் சேறு இல்லை, வெள்ளை நிறைய இருந்தது.